யாருமே கதவைத் திறக்கலையா?

டிசம்பர் பிறந்ததும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி கீழே இறங்கும். அதற்குள் ஒன்பது புத்தகங்களும் ஒரு பள்ளி நோட்டும் இருக்கின்றன. நோட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். மற்ற பதினொரு மாதமும் அந்தப் பெட்டியை யாரும் தொடுவதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து, போன்களை ஓரமாக வைத்துவிட்டு, என் அம்மா, கணவர், மகள், மகன், நான் என்று ஐந்து பேரும் ஒரே அறையில் உட்காருவோம். ஒரு இரவுக்கு ஒரு கதை. பெரிய கதையாக இருந்தால் நான்கைந்து இரவு கூட ஓடும். பத்து வருடமாக இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. மகளுக்கு இப்போது 11 வயது, மகனுக்கு 7.

போன வாரம் ஒரு தோழி, "பிள்ளைகளோட சேர்ந்து வருஷா வருஷம் படிக்கிற மாதிரி கிறிஸ்துமஸ் கதைப் புத்தகம் நாலஞ்சு சொல்லேன்" என்று கேட்டாள். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முதல் பெயரை எழுதுவதற்குள் மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்த ஒரு விஷயம் வந்து குறுக்கே நின்றுவிட்டது. அதைச் சொல்லாமல் வெறும் பெயர்களை அனுப்ப மனம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் புத்தகங்களில் முக்கால்வாசி ஆங்கிலத்தில் இருக்கின்றன. நான் வாசிப்பதோ தமிழில். கண் ஆங்கில வரியில் ஓடும், வாய் தமிழில் சொல்லும். பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் நம்மில் பலரும் இதைத்தான் செய்கிறோம். வாய் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் குரல் தடுக்கும். பழகிவிட்டால் சுகமான வேலை. ஆனால் அந்த வேலையில் ஒரு பெரிய அதிகாரம் இருக்கிறது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது வாசிப்பவருக்கு மட்டும்தான் தெரியும். வேண்டாததை விழுங்கிவிடலாம், பயமாக இருப்பதை மழுப்பிவிடலாம். கேட்டுக்கொண்டிருக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

சொல்லே இல்லாத புத்தகம்

எங்கள் வரிசையில் முதல் இரவு எப்போதும் ரேமண்ட் பிரிக்ஸின் 'தி ஸ்னோமேன்'. 1978-இல் வந்த படக்கதை. உள்ளே ஒரு வார்த்தை கிடையாது, வண்ணப் பென்சிலில் வரைந்த சின்னச் சின்னக் கட்டங்கள் மட்டும்தான். ஒரு பையன் பனிமனிதன் செய்கிறான். ராத்திரி அது உயிர் பெற்று வீட்டுக்குள் வருகிறது, பையன் அதற்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறான், அப்புறம் அது அவனை வானத்தில் அழைத்துப் போகிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவெல்லாம் 1982-இல் வந்த கார்ட்டூன் படத்தில் சேர்த்ததுதான், புத்தகத்தில் அவர் வருவதே இல்லை.

இந்தப் புத்தகத்தை எங்கள் வீட்டில் வாசிப்பது என் அம்மா. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மற்ற இரவுகளில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், முதல் இரவில் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நடுவில் வந்து உட்காருவார். படத்தின் மேல் விரலை வைத்து, "இங்க பாரு, அடுப்பைப் பாத்ததும் இவன் ஒதுங்குறான். சூடு ஆகாதுல்ல, உருகிருவான்ல" என்று ஆரம்பிப்பார். ஒவ்வொரு வருடமும் கதை கொஞ்சம் மாறும். ஒரு வருடம் பையனின் அம்மா அப்பா எழுந்துவிடுவார்களோ என்ற பயம்தான் கதை முழுக்க. இன்னொரு வருடம் பனிமனிதனுக்கு வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சாமானின் பெயரையும் பையன் சொல்லிக்கொடுத்தான். எழுத்தே இல்லாததால் இவர் மாற்றிச் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. எது அந்தப் படத்தில் இருக்கிறதோ அது எல்லோருக்கும் தெரிகிறது, மிச்சம் அவருடையது.

கடைசிப் பக்கத்தில் பனிமனிதன் கரைந்து போயிருக்கிறான். தொப்பியும் கழுத்துத்துணியும்தான் கிடக்கின்றன. பையன் நின்று பார்க்கிறான், அவ்வளவுதான். ஆறுதல் சொல்ல ஒருவரும் வருவதில்லை. பிரிக்ஸ் இந்தப் புத்தகத்தைப் போடுவதற்குச் சில வருடங்கள் முன்புதான், 1971-இல் பெற்றோர் இருவரையும், 1973-இல் மனைவியையும் இழந்திருந்தார். மகள் நான்கு வயதில் அந்தப் பக்கத்தை முதல்முறை பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கரைஞ்சு போச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் விரலால் அந்தத் தொப்பியைத் தடவினாள். அப்புறம் புத்தகத்தைத் திருப்பி முதல் பக்கத்துக்குப் போனாள். அழவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. இதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

நான் திறந்து வைத்த கதவு

அதே டிசம்பரில்தான் 'தீக்குச்சி விற்கும் சிறுமி'யை அவளுக்கு முதல்முறையாக வாசித்தேன். ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் 1845-இல் எழுதிய கதை. உங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பஞ்சாங்கப் பதிப்பாளர் அவருக்கு மூன்று படங்களை அனுப்பி, இதில் ஏதாவது ஒன்றுக்குக் கதை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். ஆண்டர்சன் எடுத்தது லுண்ட்பை என்ற டேனிஷ் ஓவியர் வரைந்த, தீக்குச்சி விற்கும் பெண்ணின் படம். ஆண்டர்சனுடைய அம்மாவே சிறுமியாக இருந்தபோது பிச்சை எடுத்து வா என்று வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர். கேட்க வாய் வராமல் ஒரு பாலத்தின் அடியில் நாள் முழுக்க அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாராம். இதை ஆண்டர்சனே தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். அந்தப் படம் அவர் கையை ஏன் பிடித்து நிறுத்தியது என்று நமக்குப் புரிகிறது.

கதை நடப்பது உண்மையில் கிறிஸ்துமஸ் இரவில் அல்ல, வருடத்தின் கடைசி இரவில். சிறுமி அம்மாவின் பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு வருகிறாள், தெருவைக் கடந்து ஓடும்போது அதுவும் தொலைந்துவிடுகிறது. தீக்குச்சி ஒன்றுகூட விற்கவில்லை, வீட்டுக்குப் போனால் அப்பா அடிப்பார். இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, குளிருக்கு ஒவ்வொரு குச்சியாகக் கிழிக்கிறாள். ஒரு வெளிச்சத்தில் இரும்பு அடுப்பு தெரிகிறது, ஒன்றில் விருந்து மேசை, ஒன்றில் ஆயிரம் மெழுகுவர்த்தி எரியும் கிறிஸ்துமஸ் மரம். கடைசியில், அவளிடம் பிரியமாக இருந்த ஒரே ஆளான, செத்துப்போன பாட்டி வருகிறாள். பாட்டி மறையக்கூடாது என்று கட்டு முழுவதையும் ஒரேயடியாகக் கிழிக்கிறாள். விடிந்ததும் அந்த மூலையில் எரிந்துபோன குச்சிகளோடு, முகத்தில் சிரிப்போடு, விறைத்துக் கிடக்கிறாள்.

மடியில் நான்கு வயதுப் பிள்ளை. கண் அந்தக் கடைசிப் பத்தியில் முன்னாலேயே போய் நின்றுவிட்டது. வாய் இன்னும் பாட்டி வந்த இடத்தில் இருந்தது. அந்த ஒரு மூச்சு இடைவெளியில் நான் கதையை மாற்றினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிறது. கையில் விளக்கோடு ஒரு கிழவி எட்டிப் பார்க்கிறாள். "யாரும்மா அது, இந்தக் குளிர்ல?" என்கிறாள். சிறுமியை உள்ளே கூட்டிக்கொண்டு போய், தன் சால்வையைப் போர்த்தி, அடுப்பு ஓரத்தில் உட்கார வைக்கிறாள். மகள் நிம்மதியாக மூச்சு விட்டாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

நான்கு வருடம் அந்தக் கிழவி எங்கள் வீட்டில் இருந்தாள். ஒவ்வொரு டிசம்பரும் அவளுக்கு ஏதாவது ஒன்று கூடிக்கொண்டே போனது. இரண்டாம் வருடம் முதுகு கொஞ்சம் கூன் விழுந்தது. மூன்றாம் வருடம் அவளுக்கு ஒரு பூனை வந்தது. மகள்தான் கேட்டாள், அந்தப் பாட்டி வீட்டில் பூனை இருக்குமா என்று. இருக்கும் என்றேன். கணவர் மட்டும் ஒரு தடவை, "ஒரு நாள் அவளே படிப்பா, தெரியும்ல?" என்றார். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த மத்தியானம்

எட்டு வயதில் அவள் தானாக ஆங்கிலம் வாசிக்க ஆரம்பித்திருந்தாள். டிசம்பர் முதல் வாரம், பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்து ஏதோ புரட்டிக்கொண்டிருந்தாள். வெகு நேரம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், ஆண்டர்சன் புத்தகத்தின் கடைசி இரண்டு தாள்களை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருக்கிறாள். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று நகத்தால் பிரித்துப் பார்க்கிறாள். அடுத்த கதை தொடங்கும் பக்கத்தையும் மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடுகிறாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, அந்தப் பாட்டி எங்க?"

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திட்டுவாள், பொய் சொன்னாயே என்று கேட்பாள் என்று நினைத்தேன். அதற்கான பதில்கூட மனசுக்குள் ஓடியது. அவள் அதைக் கேட்கவில்லை. கடைசிப் பத்தியில் விரலை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ யாருமே கதவைத் திறக்கலையா?"

இல்லை என்றேன். ஜன்னல் எல்லாம் வெளிச்சமா இருந்துச்சுன்னு போட்டிருக்கே, உள்ள ஆள் இருந்தாங்கதானே என்றாள். இருந்தார்கள் என்றேன். அப்புறம் ஏன் திறக்கவில்லை என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவள் அழுதாள். அந்தச் சிறுமி செத்ததற்காக அழுத மாதிரி எனக்குத் தோன்றவில்லை. நான்கு வருடமாகத் தெரிந்த ஒரு கிழவி, விளக்கும் சால்வையும் பூனையும் உள்ள ஒரு கிழவி, இல்லவே இல்லை என்று தெரிந்துவிட்டதற்காக அழுதாள்.

அன்று இரவு எல்லோரும் தூங்கின பிறகு அந்தக் கதையை முதலிலிருந்து திரும்ப வாசித்தேன். நான் கவனிக்காத ஒன்று இருந்தது. அந்தச் சிறுமி எந்தக் கதவையும் தட்டுவதில்லை. நாள் முழுக்கத் தெருவில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால்தான் நடக்கிறாள். ஒருவரும் வாங்கவில்லை, ஒருவரும் ஒரு காசு கொடுக்கவில்லை. காலையில் கூட்டமாக நின்று, பாவம், குளிர் காயப் பார்த்திருக்கிறாள் என்று மட்டும் சொல்கிறார்கள். ஆண்டர்சன் எழுதியிருப்பதே மகள் கேட்ட அந்தக் கேள்வியைத்தான். வாசிக்கிறவர்களில் யாராவது அதைக் கேட்க வேண்டும் என்றுதான் அந்த முடிவை அப்படி விட்டிருக்கிறார். நான் ஒரு கதவைத் திறந்து வைத்ததில் அந்தக் கேள்வியே எழவிடாமல் செய்துவிட்டேன். சாவிலிருந்து அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். ஆனால் சாவை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். நான்கு வயதில், கரைந்துபோன பனியின் மேல் கிடந்த தொப்பியை விரலால் தடவினாளே.

டிக்கன்ஸ் வெட்டியதும் சேர்த்ததும்

அதற்கப்புறம் பல நாள் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பெரிய துணை சார்லஸ் டிக்கன்ஸ். 'எ கிறிஸ்துமஸ் கேரல்' 1843 டிசம்பர் 19-இல் வந்தது, முதலில் அச்சிட்ட 6,000 பிரதியும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தது. இதெல்லாம் பலரும் எழுதியதுதான். என்னை ஈர்த்தது அவர் அதை மேடையில் வாசித்த கதை. 1853 டிசம்பரில் பர்மிங்காமில் முதல்முறையாகப் பொதுமக்கள் முன் வாசித்தபோது ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனதாம். அப்புறம் ஒவ்வொரு வாசிப்புக்கும் வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார். புத்தகத்தின் தாள்களைப் பிரித்து பெரிய தாள்களில் ஒட்டி, வேண்டாத பத்திகளை மையால் அடித்து, ஓரத்தில் குரலுக்கான குறிப்பு எழுதி வைத்த அவருடைய பிரதி இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. 1870 மார்ச்சில் லண்டனில் அவர் கடைசியாக மேடை ஏறியபோதும் இந்தக் கதையை வாசித்தார். அடுத்த மூன்றே மாதத்தில் இறந்துபோனார்.

எழுதினவரே வெட்டலாம் என்றால் நானும் வெட்டலாம் என்று தைரியம் வந்தது. நிஜமாகவே இந்தப் புத்தகத்தை வெட்டாமல் வீட்டில் வாசிக்க முடியாது. டிக்கன்ஸ் ஒரு கடைத்தெருவைக் காட்ட ஆரம்பித்தால் ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு வரி எழுதுவார், மகன் அதற்குள் தூங்கிவிடுவான். அதையெல்லாம் தாண்டிவிடுகிறேன், எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை. ஐந்து அத்தியாயம், ஐந்து இரவு. அந்த அளவு சரியாக இருக்கிறது.

ஆனால் டிக்கன்ஸிடமிருந்தே எனக்கு எதிராகவும் ஒரு சாட்சி கிடைத்தது. ஸ்க்ரூஜ் என்கிற கஞ்சனின் குமாஸ்தாவுக்கு ஊன்றுகோலோடு நடக்கும் ஒரு சின்ன மகன், குட்டி டிம். அவன் செத்துப்போய்விட்டதாக நான்காம் அத்தியாயத்தில் ஆவி ஸ்க்ரூஜுக்குக் காட்டுகிறதல்லவா? கடைசியில் அவன் சாகவில்லை என்று ஒரு வரி வரும். அவர் கையால் எழுதிய பிரதியில் அந்த வரி கிடையாது. அச்சுக்குப் போகும் வேளையில்தான் சேர்த்திருக்கிறார். இதைப் படித்ததும் முதலில் எனக்கு ஒரே சந்தோஷம். பார், அவரும் ஒரு பிள்ளையைக் கடைசி நிமிடத்தில் காப்பாற்றியிருக்கிறார்! இரண்டு நாள் கழித்துத்தான் வித்தியாசம் உறைத்தது. டிம் பிழைப்பது சும்மா பிழைப்பதில்லை. அதற்கு முன்னால் அந்த ஸ்க்ரூஜ் அடியோடு மாற வேண்டியிருந்தது. காலி நாற்காலியையும் சார்த்தி வைத்த ஊன்றுகோலையும் நம்மைப் பார்க்க வைத்து, அழவைத்து, அப்புறம்தான் அந்த வரியைத் தருகிறார். என் கிழவிக்கு முன்னால் எதுவும் நடக்கவில்லை. குழந்தை பயந்துவிடும் என்று எனக்குத் தோன்றியதால் அவள் வந்தாள்.

அதே புத்தகத்தில் இன்னொரு இடம் உண்டு. முன்பெல்லாம் அதை வேகமாகத் தாண்டிவிடுவேன், இப்போது அங்கே நிறுத்தி நிதானமாக வாசிக்கிறேன். எல்லாம் மாறின பிறகு, கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் ஸ்க்ரூஜ் தன் தங்கையின் பிள்ளை வீட்டுக்குப் போகிறான். முதல் நாள்தான் அவனைத் திட்டி அனுப்பியிருக்கிறான். ஏறிப்போய்க் கதவைத் தட்டும் துணிச்சல் வருவதற்குள் அந்த வாசலைப் பத்துப் பன்னிரண்டு தடவை கடந்து கடந்து போகிறான். ஆவிகளோடு பறந்தவன், தன் கல்லறையைப் பார்த்தவன், ஒரு கதவைத் தட்ட அவ்வளவு தயங்குகிறான். மகள் அந்த இடம் வரும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். முன்னால் அவளுக்குப் பிடித்தது ஆவிகள் வரும் இடம்.

எண்பத்தேழு சென்ட்

ஓ. ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜாய்' பற்றிச் சொல்லாமல் விட்டால் மகன் கோபித்துக்கொள்வான். 1905 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்த கதை. ஒரு மனைவி தன் கூந்தலை விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். அவன் கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்கியிருக்கிறான். கடைசியில் ஒரு திருப்பம் வைத்து எழுதிய கதை ஒரு தடவைக்கு மேல் தாங்காது என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் ஆறு டிசம்பராகத் தாங்குகிறது. தெரிந்த பிறகு வேறு ஒன்றைக் கேட்க ஆரம்பிக்கிறோம். அவன் கதவைத் திறந்து உள்ளே வந்து, அவள் தலையைப் பார்த்துவிட்டு அசையாமல் நிற்கிற அந்த நிமிடத்தை. அவன் ஏன் அப்படி நிற்கிறான் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. என் அம்மா அந்த இடத்தில் வருடா வருடம், "பாவம், சொல்லித் தொலையேன்டா" என்பார்.

மகனுக்கு அதிலெல்லாம் ஆர்வமில்லை. அவனுக்கு முதல் வரிதான் முக்கியம். கையில் இருப்பது 1 டாலர் 87 சென்ட், அதில் 60 சென்ட் ஒரு சென்ட் காசுகளாக. போன வருடம் அவன் கணக்குப் போட்டான். மீதி 1 டாலர் 27 சென்ட். அதில் 1 டாலர் 25 சென்ட் வரை பெரிய காசுகளாக வரும், அந்த 2 சென்ட்டுக்கு என்ன செய்வது? ஒரு சென்ட் காசு இல்லாமல் வராதே? காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினான். அவனும் அப்பாவும் இரண்டு நாள் அதிலேயே கிடந்தார்கள். அமெரிக்காவில் 2 சென்ட் நாணயம் 1873 வரைக்கும், 3 சென்ட் நாணயம் 1889 வரைக்கும் அடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்ததும் வீட்டில் ஒரே ஆரவாரம். பழைய 2 சென்ட் காசு ஒன்று அவள் கையில் இருந்திருந்தால் போதும், ஓ. ஹென்றி தப்பிவிடுவார். அது முடிந்ததும் மகன் யோசித்துச் சொன்னான்: "முடி வளந்துரும்மா. வாட்ச் திரும்ப வராது. அந்த மாமாவுக்குத்தான் நஷ்டம் அதிகம்." இந்தக் கதையைப் பற்றி நான் எத்தனையோ படித்திருக்கிறேன், இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பெட்டியில் மற்றவை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். செயின்ட் நிக்கலஸ் வருகையைப் பற்றிய அந்தப் பழைய பாட்டு, 1823-இல் டிராய் என்ற அமெரிக்க ஊரின் பத்திரிகையில் பெயர் போடாமல் வந்தது, அதை மட்டும் ஆங்கிலத்திலேயே படிக்கிறோம். தமிழில் சொன்னால் குதிரை ஓட்டம் போன்ற அந்தத் தாளம் நின்றுவிடுகிறது. டோல்கீன் தன் பிள்ளைகளுக்கு 1920 முதல் 1943 வரை கிறிஸ்துமஸ் தாத்தா பெயரில் எழுதிய கடிதங்கள், நடுங்கும் கையெழுத்தும் படங்களுமாக, புத்தகமாகக் கிடைக்கின்றன. நல்ல பெரிய அளவுப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், சின்னதில் கையெழுத்துத் தெரியாது. ஹாஃப்மனின் 1816-ஆம் வருட நட்கிராக்கர் கதையை இரண்டு தடவை ஆரம்பித்துப் பாதியில் மூடிவிட்டோம். கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை. பெட்டியிலேயே இருக்கட்டும், அதற்கும் ஒரு வருடம் வரும்.

பாதாள ஜன்னல்

டால்ஸ்டாயின் 'அன்பு எங்கே இருக்கிறதோ அங்கே கடவுள்' எங்கள் பெட்டிக்கு வந்தது மகள் அந்தக் கேள்வியைக் கேட்ட வருடத்தில்தான். 1885-இல் வந்த கதை. பிரெஞ்சில் ரூபன் சாயான் எழுதிய ஒரு கதையை எடுத்து அவர் தன் மண்ணில் நட்டார். டால்ஸ்டாயின் கதை கிறிஸ்துமஸ் அன்று நடப்பதாகக்கூட இல்லை, குளிர்காலம் அவ்வளவுதான். ஆனாலும் பல வீடுகளில் இதைக் கிறிஸ்துமஸுக்குத்தான் வாசிக்கிறார்கள்.

மார்த்தின் என்கிற செருப்புத் தைப்பவர் தரைக்குக் கீழே உள்ள ஓர் அறையில் இருக்கிறார். அதற்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள்தான் தெரியும். முகம் தெரியாது, ஆனால் பூட்ஸை வைத்தே யார் என்று சொல்லிவிடுவார், பாதிக்கு மேல் அவர் தைத்தவை. நாளைக்குத் தெருவைப் பார், நான் வருவேன் என்று ஒரு குரல் கேட்கிறது. மறுநாள் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வருவது பனி தள்ளும் ஒரு கிழவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், ஆப்பிள் விற்கும் பாட்டியும் அவளிடம் திருடிய பையனும். முதல் இருவரையும் உள்ளே அழைத்துச் சூடாகக் கொடுக்கிறார், மூன்றாவது சண்டைக்கு அவரே வெளியே ஓடிப்போய் விலக்கிவிடுகிறார். மகள் இதை முதல்முறை கேட்டபோது, "இவருக்குக் கால்தான் தெரியும். அப்படி இருந்தும் பாத்தாரு. அங்க எல்லாருக்கும் முழு ஜன்னல் இருந்துச்சு" என்றாள். அங்கே என்று அவள் எந்தத் தெருவைச் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் இரவில் என் அம்மா தன் பழைய வேதாகமத்தை எடுத்து லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசிப்பார். அவர் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டார். 'முன்னணை' என்று வரும்போது மகன் வருடா வருடம், "அப்படின்னா?" என்பான். மாடு தீனி தின்கிற தொட்டி என்று அவரும் சொல்வார், ஆனால் வாசிக்கும்போது முன்னணை என்றுதான் வாசிப்பார். போன முறை மகள் குறுக்கே கேட்டாள்: "பாட்டி, சத்திரத்துக்காரர் எங்க? படப் புத்தகத்துல கதவைச் சாத்துறவர் இருப்பாரே?" தேடிப் பார்த்தோம். லூக்காவில் சத்திரத்துக்காரர் என்று ஓர் ஆளே கிடையாது. சத்திரத்தில் இடமில்லை என்ற ஒரு செய்தி மட்டும்தான். கதவைச் சாத்தியவரையும் மனமிரங்கித் தொழுவத்தைக் காட்டியவரையும் பின்னால் வந்த கதைசொல்லிகள் சேர்த்திருக்கிறார்கள். என்னைப் போல அவர்களுக்கும் அந்த வெற்று வாசலில் யாரையாவது நிறுத்த வேண்டும் போல இருந்திருக்கிறது.

அந்த நோட்டு

மகள் என்னிடம் அந்தக் கிழவியைப் பற்றித் திரும்பவும் பேசியது அடுத்த வருடம்தான். தீக்குச்சி விற்கும் சிறுமியை அந்த டிசம்பர் வாசிக்கலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். மகனுக்கு அப்போது ஐந்து வயது. இவனுக்கும் கதவைத் திறக்கப் போகிறேனா? அவளிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "இவனுக்கு இப்ப படிக்காதே. பெருசானதும் படி. ஆனா படிச்சா இருக்கிற மாதிரியே படிம்மா" என்றாள். சரி என்றேன். அப்புறம் சொன்னாள்: "அந்தப் பாட்டியை மட்டும் விட்டுறாதே. தனியா எழுது. அந்தப் புத்தகத்துக்குள்ள போடாம."

அதனால் எழுதினேன். நாற்பது பக்க நோட்டு, நீல மையில். விளக்கு, சால்வை, கூன் முதுகு, பூனை எல்லாம் இருக்கின்றன. அவள் வீட்டு வாசலுக்கு வருகிற சிறுமி வேறு ஒரு சிறுமி, தீக்குச்சி விற்பவள் இல்லை. அதில் மகள் பிடிவாதமாக இருந்தாள். படங்கள் அவள் வரைந்தது. பூனை எல்லாப் பக்கத்திலும் வருகிறது. முடிவில் என்ன நடக்கிறது என்பதை நானும் அவளும் சண்டை போட்டு மூன்று தடவை மாற்றினோம், அது எங்கள் கதை என்பதால்.

இந்த டிசம்பர் மகனுக்கு அந்தக் கதையை, ஆண்டர்சன் எழுதியபடியே, முதல்முறையாக வாசிக்கப் போகிறோம். வாசிக்கப் போவது அவன் அக்கா. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறாள், கடைசிப் பத்தியை மட்டும் குளியலறைக் கண்ணாடி முன்னால் மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தது எனக்குக் கேட்டது. நேற்று நானும் அவளும் உட்கார்ந்து எந்த இரவு எந்தக் கதை என்று காலண்டரில் குறித்தோம். சிறுமியின் கதைக்கு அடுத்த கட்டத்தில் நோட்டு என்று எழுதப் போனேன். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல ஒரு நாள் விடணும்மா" என்றாள்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, அடுத்ததில் எழுதினேன்.